கீழ்த்தட்டு மணல்

காலை ஆறேகாலுக்கு வலது விலாவுக்கு அடியில் ஒரு உதை. அதுதான் கடைசி. இப்போது மணி மூன்றேகால்.

சொரீனா இதை நெலுவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் வண்டியை ஓரம்கட்டுவான். அவளைத் திரும்பிப் பார்ப்பான். டாக்டர் வேண்டாமென்று சொன்னாரே என்று வாய்விட்டுக் கேட்க மாட்டான், ஆனால் கேட்டதுபோலத்தான் பார்ப்பான். ஏழு மாத வயிற்றோடு தூரப் பயணம் கூடாது என்று டாக்டர் சொன்னார், நெலுவும் சொன்னான். அவள்தான் பிடிவாதம் பிடித்துக் கிளம்பினாள். எல்லை ஆற்றுக்கு இந்தப் பக்கம் செர்பியாவில் வாழ்க்கைப்பட்ட அவள் தங்கை, வீட்டுப் புனிதர் திருநாளுக்குக் கூப்பிட்டிருந்தாள். மூன்று நாள் விருந்து, மூன்று நாள் பாட்டு. அக்கார்டியன்காரன் மேசைக்கு மேசை வந்து காதருகில் நின்று வாசித்தபோதெல்லாம் வயிற்றுக்குள் இருந்ததும் கூடவே புரண்டு ஆடியது. இன்று விடிந்து, பெட்டிகளை வண்டியில் ஏற்றியபோது ஒரு உதை. பிறகு ஒன்றுமில்லை.

தூங்குகிறது. அப்படித்தான் ஒன்பது மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சாக்லேட் தின்று பார்த்தாள். சில்லென்ற தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துப் பார்த்தாள். கோட்டுக்குள் கையை விட்டு, தொப்புளுக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் அழுத்தி, எடுத்து, மறுபடி அழுத்தினாள். யாரோ மடியில் வைத்துவிட்டு இறங்கிப்போன மூட்டையைப் போல வயிறு கனத்துக் கிடந்தது.

"நம்ம பயணி என்ன பண்றான்?" என்றான் நெலு.

"தூங்குறான்."

"ராத்திரி பூரா அக்கார்டியன் கேட்டா நானும்தான் தூங்குவேன்."

பயணி என்றுதான் கூப்பிடுவான். பேர் வைக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் உண்டான குழந்தைக்கு நாலாம் மாதத்திலேயே மாத்தேய் என்று பேர் வைத்தார்கள், பேர் எழுதிய கோப்பை வாங்கினார்கள், ஐந்தாம் மாதம் அது போய்விட்டது. கோப்பை இன்னும் அலமாரியில் கவிழ்ந்து கிடக்கிறது. இந்த முறை குழந்தை கைக்கு வந்து அழுத பிறகுதான் பேர் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

நவம்பர் மாதப் பனிமூட்டம் ஆற்றின் மேல் தாழ்ந்து கிடந்தது. இடது கைப்பக்கம் தான்யூப், அதற்கப்பால் அவர்களுடைய ருமேனியா. மலையும் தண்ணீரும் நெருக்கிப் பிடித்த சாலையில் சில மைல்களுக்கு ஒரு சுரங்கப்பாதை வந்தது. விளக்கு கிடையாது. பாறையைக் குடைந்த ஓட்டை, அவ்வளவுதான். உள்ளே நுழைந்ததும் டயர்களின் சத்தம் காதை அடைத்தது, கூரையிலிருந்து சொட்டிய நீர் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது, ஈரக்கல்லின் வாடை காற்றுத் துவாரம் வழியாக முகத்தில் வீசியது. வெளியே வந்தால் மறுபடி பனி.

"அங்க பாரு," என்று நெலு தாடையால் ஆற்றைக் காட்டினான். "எங்க பெரியப்பா எம்பத்தேழுல, நாட்ட விட்டு யாரும் போகக் கூடாதுன்னு இருந்த காலத்துல, ட்ராக்டர் டியூபை ஊதி இடுப்புல கட்டிக்கிட்டு நம்ம கரையிலேர்ந்து இதுல இறங்கினாரு. காவல்காரன் சுட்டுக்கிட்டே இருந்தானாம். இப்போ ஆஸ்திரியாவுல பெரிய முதலாளியா இருப்பாரு. நமக்கு ஒரு கடுதாசி போட நேரமில்ல மனுஷனுக்கு."

அவன் சிரித்தான். எப்போதும் இந்தக் கதைக்குச் சிரிப்பான். சொரீனா சிரிக்கவில்லை. அவள் விரல் வயிற்றில் அழுத்திக்கொண்டிருந்தது.

சுரங்கம் ஒன்றிலிருந்து வெளியே வந்ததும், சாலைக்கு மேலே, மேட்டில், அந்தக் கோவிலைப் பார்த்தாள். கோவில் என்றால் ஒரு கார் கொட்டகை அளவுதான் இருக்கும். சுண்ணாம்பு அடித்த சுவர், கறுத்த பலகைக் கூரை, அதன் மேல் சாய்ந்து நின்ற தகரச் சிலுவை.

"நிறுத்து."

"வாந்தி வருதா?"

"இல்ல. ஒரு மெழுகுவர்த்தி ஏத்திட்டு வந்துடறேன்."

"நீ எப்பலேர்ந்து இவ்வளவு பக்தி?"

"நிறுத்துடா."

அவள் குரலில் என்னவோ இருந்தது. அவன் வண்டியை ஓரம்கட்டினான். சாலையோரம் ஒரு குடைக்கு அடியில், ரப்பர் பூட்ஸ் போட்ட ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி வால்நட்டும் புகைபோட்ட மீனும் விற்றுக்கொண்டிருந்தாள். யாகொதா என்று தன் பேரைச் சொன்னாள், கேட்காமலேயே. இந்தப் பக்கத்து மலைக்காரர்கள் பேசுவது ஒருவகைப் பழைய ருமேனியம். துருப்பிடித்த வார்த்தைகள், ஆனால் புரியும்.

"சாவி கதவுலயே தொங்குது. உள்ள போனா இழுத்துச் சாத்து, இல்லன்னா ஆடு நுழைஞ்சு மெழுகத் தின்னுடும்," என்றாள். பிறகு நெலுவைப் பார்த்து, "ஐயா வரலையா? சாமி கடிக்காது."

"நான் நுழைஞ்சா கூரை விழுந்துடும்க்கா," என்று நெலு சிகரெட்டைப் பற்றவைத்தான். "போனமுறை பாதிரியார் பில் அனுப்பினாரு."

மேட்டில் ஏற இருபது படி. பத்தாவது படியில் மூச்சு வாங்கி நின்றாள். ஓடுகிற லாரியின் அதிர்வு, ஆட்டின் மணி, கீழே நெலுவின் இருமல். வயிற்றில் மட்டும் எதுவும் இல்லை.

வாசல் தாழ்வு, குனிந்துதான் போக வேண்டும். உள்ளே தேன்மெழுகு வாடையும் ஈரக் கம்பளி வாடையும் இருந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொன்று. ஆற்றுச் சேற்றின் வாடை, மீன்வலையை உதறும்போது வருவது. ஆறு கீழே நாற்பதடி ஆழத்தில் இருந்தது. சுவரில் புகை படிந்த புனிதர்களின் கண்கள் மட்டும் தெரிந்தன, முகங்கள் கறுத்துப்போயிருந்தன. ஒரு சன்னலில் கண்ணாடி உடைந்து, அதன் வழியாகக் குளிர் சீரான ஒரு கம்பியைப்போல உள்ளே நீண்டுகொண்டிருந்தது.

நடுவில் இரும்பு விளக்குத்தாங்கி. இரண்டு தட்டுகள். மேல்தட்டு மார்பளவு உயரத்தில், மெழுகுவர்த்தி செருகும் துளைகளோடு. கீழ்த்தட்டு முழங்கால் உயரத்தில், ஆழமாக, மணல் நிரப்பி.

அவள் ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து, உண்டியல் டப்பாவில் காசு போட்டு, பற்றவைத்து, மேல்தட்டில் செருகினாள். காற்று அணைத்தது. மறுபடி பற்றவைத்தாள். அணைந்தது. மூன்றாம் முறை கையால் மறைத்துப் பிடித்தாள், விரல்களுக்கு நடுவிலேயே சுடர் படுத்து, நீலமாகி, போய்விட்டது. திரியிலிருந்து எழுந்த புகை அவள் முகத்தைத் தொட்டது. அவளுக்கு அழுகை வந்தது. இதற்குக்கூட முடியவில்லையா.

கீழ்த்தட்டில் காற்று இல்லை. ஒரு கையால் தாங்கியைப் பிடித்துக்கொண்டு மெல்ல முழங்காலிட்டாள். மணல் ஈரமாக இருந்தது. அள்ளினால் உருண்டை பிடிக்கலாம் போல. அதன் மேலெல்லாம் சிறு குழிகள், பழைய மெழுகுவர்த்திகள் நின்ற இடமாக இருக்க வேண்டும். ஆனால் மெழுகுச் சொட்டு ஒன்றுகூடக் காணோம். குழிகள் ஐந்து ஐந்தாக இருந்தன.

அவள் அதைப் பார்த்தாள். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மெழுகுவர்த்தியை நட்டுப் பற்றவைத்தாள். பேர் சொல்ல வாயெடுத்தாள், பேர் இல்லை. "உள்ள இருக்கிறவனுக்கு," என்றாள்.

சுடர் நேராக எழுந்தது. ஆடவேயில்லை. பிறகு, காற்றில்லாத அந்த இடத்தில், மெல்லச் சாய்ந்தது. அவள் வயிற்றை நோக்கி.

உதைத்தது.

சொரீனா வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி உதைத்தது. இடது பக்கம், பலமாக, ஒன்பது மணி நேரக் கடனையும் சேர்த்துத் தீர்ப்பதுபோல. கண்ணீர் உதட்டில் உப்புக் கரித்தது. "நாயே, என்ன பாடுபடுத்திட்ட," என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். இன்னொரு உதை, வலது பக்கம். இன்னொன்று, மேலே.

மணல் உதிரும் மெல்லிய சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தாள். தட்டு முழுக்கச் சிதறிக்கிடந்த குழிகள் இப்போது மெழுகுவர்த்தியைச் சுற்றி நெருக்கமாக இருந்தன. முன்பே அப்படித்தான் இருந்திருக்கும். சரியாகப் பார்த்திருக்க மாட்டாள்.

கதவு கிரீச்சிட்டது. யாகொதா, கையில் எண்ணெய்ப் புட்டியோடு.

"கீழ எரியிறது உன்னோடதா?"

"ஆமாக்கா."

"யாருக்கு? அப்பாவா அம்மாவா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"பேரைச் சொன்னா 'கடவுள் மன்னிக்கட்டும்'னு ஒரு வார்த்தை சொல்லணும்ல. செத்தவங்களுக்கு அதுதானே முறை."

சொரீனா திரும்பிப் பார்த்தாள். "செத்தவங்களா?"

"மேல்தட்டு உசுரோட இருக்கிறவங்களுக்கு. கீழ்த்தட்டு போனவங்களுக்கு. ஏன், உங்க ஊர்ல இல்லையா?"

இருந்தது. செவெரினில், அவர்கள் கோவில் முற்றத்தில், இரண்டு தகரப் பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்றில் உயிரோடிருப்போர் என்றும் ஒன்றில் இறந்தோர் என்றும் பெயிண்டில் எழுதியிருக்கும். பிறந்ததிலிருந்து எழுத்தைப் பார்த்துத்தான் ஏற்றினாள். மேல், கீழ் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"இங்க எழுதலையே," என்றாள்.

"எதுக்கு எழுதணும்? எங்க ஊர்ல தவழுற பிள்ளைக்கும் தெரியும்." யாகொதா சிரித்தாள். பிறகு அவள் பார்வை சொரீனாவின் கோட்டுக்கு, பொத்தான் மாட்ட முடியாத அந்த இடத்துக்கு இறங்கியது. சிரிப்பு நின்றது. "ஏம்மா. யாருக்கு வச்ச?"

சொரீனாவின் கை வயிற்றுக்குப் போனது.

"பேர் சொல்லித்தானே வச்ச?"

"பேர் இன்னும் வைக்கல."

யாகொதா எண்ணெய்ப் புட்டியைத் தரையில் வைத்தாள். மெதுவாக, சத்தம் வராமல். "அந்த சன்னல் வழியாப் பாரு," என்றாள்.

உடைந்த சன்னலுக்கு அப்பால் சரிவில் மரச்சிலுவைகள். பதினைந்து, இருபது. பனியில் பின்வரிசை தெரியவில்லை. எதிலும் எழுத்து இல்லை.

"ஆத்துல வந்தவங்க. உங்க கரையிலேர்ந்து நீந்தினவங்க. பாதிப் பேர் உடம்புல ஓட்டை, பாதிப் பேர் வெறும் தண்ணி. எங்கப்பா படகுல போய் கொக்கி போட்டு இழுத்துக்கிட்டு வருவாரு, நான் சின்னப் பொண்ணு, விளக்குப் பிடிப்பேன். பேர் தெரியாது. சாகும்போது கையில மெழுகுவர்த்தி ஏத்திக் கொடுக்க ஆளில்ல. வெளிச்சமில்லாமப் போறவன் அந்தப் பக்கத்துலயும் இருட்டுலதான் நிக்கணும், உனக்குத் தெரியாததா? நான் ஏத்தும்போது 'இது ஆத்துல வந்தவங்களுக்கு, பங்கு போட்டுக்குங்க'ன்னு சொல்லித்தான் ஏத்துவேன். நீ பேர் சொல்லாம ஒரு வெளிச்சத்த அவங்க நடுவுல நட்டுட்ட. பேரில்லாததுன்னா தங்களுக்குன்னுதானே நெனைப்பாங்க."

"நான் எடுத்துடறேன்."

"தொடாதே." அவள் குரல் தாழ்ந்தது. "எரிஞ்சு முடியட்டும். அரை மணி நேரம். இங்கேயே உக்காரு, ஒரு பேர் வை. ஏதோ ஒரு பேர், நாளைக்கு மாத்திக்கலாம். சத்தமா மூணு தடவ சொல்லு. இந்த வெளிச்சத்துக்கு ஆள் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியட்டும்."

சொரீனா வாயைத் திறந்தாள். நாக்கில் வந்து நின்றது மாத்தேய். கவிழ்ந்து கிடக்கும் கோப்பை. வாயை மூடிக்கொண்டாள். வேறு பேர், வேறு ஏதாவது பேர். வரவில்லை. கீழே நெலு ஹாரன் அடித்தான். வயிற்றில் உதை விழுந்தது, மறுபடி, மறுபடி. உயிரோடிருக்கிறது. உயிரோடிருக்கிற அவள் குழந்தையின் மெழுகுவர்த்தி பிணங்களின் தட்டில் எரிந்துகொண்டிருக்கிறது, இந்த மீன்காரி அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்காரச் சொல்கிறாள்.

முடியாது.

அவள் கையை நீட்டி மெழுகுவர்த்தியைப் பிடித்து இழுத்தாள்.

வரவில்லை. ஒரு விரல் ஆழம்தான் நட்டிருந்தாள். ஈர மணல் அதைக் கவ்விப் பிடித்திருந்தது. இன்னும் பலமாக இழுத்தாள். எதிர்ப்பக்கம் யாரோ இழுத்து, பிறகு சட்டென்று மனம் மாறி விட்டதுபோல, வந்துவிட்டது. கையில் கனத்தது. எழுந்து, இரண்டு கையாலும் மேல்தட்டுக்குக் கொண்டுபோனாள். துளையில் செருகும் முன்பே சுடர் அணைந்தது. காற்றினால் இல்லை. ஊதி அணைத்தது மாதிரியும் இல்லை. யாரோ வாயால் கவ்வி எடுத்துக்கொண்டதுபோல, புகைகூட இல்லாமல்.

வயிற்றுக்குள் சுட்டது. ஒரு நொடி. பிறகு இதமான வெப்பம். அணைந்த மெழுகுவர்த்தியைத் துளையில் செருகினாள்.

"முடிஞ்சுது, அக்கா. பாருங்க, மேல வச்சுட்டேன்," என்றாள் சொரீனா.

யாகொதா அவளைப் பார்க்கவில்லை. சுவரோடு முதுகை ஒட்டி, சிலுவைக்குறி போட்டபடி, தலையைக் குனிந்து நின்றாள். சொரீனா வாசலுக்குப் போனாள், குனிந்து வெளியேறினாள். திரும்பிப் பார்த்தபோதும் யாகொதா அப்படியே ஒதுங்கி நின்றாள். வரிசையாக ஆட்கள் வெளியே போகும்வரை வழிவிட்டு நிற்பவளைப்போல. நெடுநேரம் நின்றாள்.

காரில் ஏறி உட்கார்ந்தபோது வண்டியின் ஸ்பிரிங் முனகியது. நெலு கிளப்பினான், இரண்டடி போனதும் நிறுத்தி, இறங்கிப்போய் டயர்களை உதைத்துப் பார்த்துவிட்டு வந்தான்.

"காத்து சரியாத்தான் இருக்கு. ஏன் வண்டி இப்படி அமுங்குது? உன் தங்கச்சி டிக்கியில எத்தன பன்னியக் கட்டி வச்சிருக்கா?"

"போ, நெலு."

"சாமி என்ன சொன்னாரு?"

"அசையுது," என்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "நல்லா அசையுது."

"எப்ப அசையாம இருந்தான்?"

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அணைக்கட்டின் மேலுள்ள எல்லைச் சாவடிக்கு இன்னும் ஒரு மணி நேரம். அதைத் தாண்டினால் செவெரின், ஆஸ்பத்திரி, வெள்ளை விளக்குகள், வழவழப்பான பசையைத் தடவி வயிற்றில் வைக்கும் கருவி. எல்லாம் சரி என்று சொல்வார்கள். காருக்குள் ஆற்றுச் சேறு நாறியது. காலடியில் ரப்பர் விரிப்பு ஈரமாக இருந்தது. அவள் காலணி மேட்டுப் புல்லில் நனைந்திருக்கும்.

"இன்னும் நாலு சுரங்கம்," என்றான் நெலு.

முதல் சுரங்கம் சிறியது. இருட்டு விழுந்தது, டயர்ச் சத்தம் காதை அடைத்தது. வயிற்றில் எல்லாம் ஒரே சமயத்தில் புரண்டன. எல்லாம். அவள் அந்த வார்த்தையை நினைத்தாள், நினைத்ததைத் திருத்திக்கொண்டாள். புரண்டது. வெளிச்சம் வந்தது. அடங்கியது.

உதை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மூன்று மாதமாகத் தெரியும். குதிகால், முட்டி, சில சமயம் முதுகு உரசல். இது குதிகால் இல்லை. உள்ளிருந்து தோலைத் தடவி, நகர்ந்து, நின்று, விளிம்பைத் தேடுவது. இருட்டில் சுவரில் சுவிட்சைத் தேடும் கை அப்படித்தான் தேடும்.

இரண்டாவது சுரங்கம்.

"போனை அணைச்சு வை," என்றான் நெலு. "முன் கண்ணாடியில அடிக்குது. எதுவும் தெரியல."

போன் பின்சீட்டில் பைக்குள் இருந்தது. அவள் கண்ணாடியைப் பார்த்தாள். மங்கலான, மஞ்சள் வட்டம் ஒன்று அங்கே மிதந்தது. எதன் பிரதிபலிப்பு என்று பார்க்கக் கண்ணைத் தாழ்த்தினாள். அதற்குள் வெளியே வந்துவிட்டார்கள். பனி. வெள்ளைச் சாலைக்கோடு. ஒரு பஸ் நிறுத்தம். அவள் மடியில் கோட்டு, கோட்டுக்குள் சாம்பல் நிற ஸ்வெட்டர். வேறொன்றுமில்லை.

பேர். பேர் வைக்கச் சொன்னாள் மீன்காரி.

மூச்சோடு மூச்சாக, உதடு அசையாமல், "விக்தோர்," என்றாள்.

இடது பக்கம் ஒரு தட்டு. உடனே. கூப்பிட்டதும் கையைத் தூக்கியதுபோல.

அவள் அழுதுவிட்டாள். கேட்டுவிட்டது. ஏற்றுக்கொண்டுவிட்டது. மூன்று முறை சொல்ல வேண்டும். "விக்தோர்." அதே இடத்தில் தட்டு. "விக்தோர்." தட்டு. முடிந்தது. கண்ணைத் துடைத்தாள். நெலுவிடம் சொல்லலாம். பயணிக்குப் பேர் வைத்துவிட்டேன், கோபப்படாதே.

அவளுக்கே தெரியாமல் இன்னொரு பேர் மனதில் ஓடியது. ஏன் ஓடியது என்று அவளுக்குத் தெரியாது. சொல்லாமல் விட்டிருக்கலாம். "தீனு," என்றாள்.

வலது பக்கம், விலாவுக்கு அடியில், ஒரு தட்டு.

"பேத்ரே." அடிவயிற்றில். "செவெர்." தொப்புளுக்கு மேல். "ஔரெல்." முதுகுப் பக்கம், முதுகெலும்பை ஒட்டி, இரண்டு முறை, அவசரமாக. எந்தப் பேரைச் சொன்னாலும் யாரோ ஒருவன் பதில் சொன்னான். ஒவ்வொருவனும் ஒவ்வொரு இடத்திலிருந்து. பேர் கூப்பிடும்வரை நாற்பது வருடம் காத்திருந்தவர்கள்.

"என்ன முணுமுணுக்கற?" என்றான் நெலு.

"உங்க பெரியப்பா பேரென்ன?"

"யாரு, டியூப்காரரா? கிரிகோரே. ஏன்?"

அவள் அந்தப் பேரைச் சொல்லவில்லை. நெலுதான் சொன்னான். வயிறு முழுக்க ஒரே கணம் அமைதி. பிறகு, நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அழுத்தம். தட்டவில்லை. வைத்தது. எடுக்கவில்லை.

"நெலு. வண்டிய நிறுத்து."

"இங்கயா? இடமே இல்ல. சுரங்கம் தாண்டட்டும்."

"நிறுத்து."

"சொரீ, பின்னாடி லாரி வருது. தாண்டினதும் நிறுத்தறேன். கடைசிக்கு முந்தினது, நீளமானது, ரெண்டே நிமிஷம்."

பாறைவாய் வந்தது. பனி அறுந்தது. இருட்டு.

டயர்ச் சத்தம். சொட்டும் நீர். சேற்று வாடை. அவள் கோட்டை விலக்கினாள். ஸ்வெட்டரைத் தூக்கினாள். தூக்கக் கூடாது என்று தெரிந்தே.

தோல் ஒளிர்ந்தது. டார்ச்சின் மேல் கையை மூடினால் விரல்கள் சிவக்குமே, அந்தச் சிவப்பு. உள்ளே, ஆழத்தில், ஒற்றைச் சுடர். ஆடாமல். நேராக.

அதைச் சுற்றிக் கைகள்.

கறுப்பாக, தோலுக்கு அந்தப் பக்கம். பெரிய கைகள், வளர்ந்த ஆட்களின் கைகள். நீண்ட விரல்கள். ஒன்றின் மேல் ஒன்று. குளிர்காலத்தில் அடுப்பைச் சுற்றி நிற்பவர்கள் நீட்டுவதுபோல எல்லாம் சுடரை நோக்கி விரிந்திருந்தன. ஐந்து ஐந்தாக. எண்ண முடியவில்லை. ஒன்றை ஒன்று தள்ளின. நெருங்கின. இடம் போதவில்லை.

"அணைச்சு வைன்னு சொன்னேன்ல," என்றான் நெலு, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல். "கண்ணு கூசுது."

அவள் தேடினாள். கைகளுக்கு நடுவில், கைகளுக்கு இடுக்கில். இல்லை. இல்லை.

பிறகு பார்த்தாள். எல்லாருக்கும் பின்னால், வெளிச்சம் எட்டாத விளிம்பில், வலது விலாவுக்கு அடியில், ஒதுக்கித் தள்ளிய ஒரு சின்னக் கை. அவள் கட்டைவிரல் அளவு. விரல்கள் விரிந்தபடி. அது மட்டும் எதையும் நோக்கி நீளவில்லை. அது மட்டும் அசையவில்லை.